சின்னத் துவக்கு, மெல்லிய உதைப்பு: .22, .32 ரிவோல்வர்களைப் பழகவும் சேர்க்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

என் அப்பா அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பெரிய பங்களாவில் அப்புவாக இருந்தவர். துரையின் மேசை லாச்சியில் ஒரு சின்ன ரிவோல்வர் இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் துரை அதை விறாந்தையில் வைத்துத் துடைப்பார். எண்ணெய்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நிற்பது அப்பாவின் வேலை. துடைத்து முடித்ததும் மண்மேட்டின் முன்னால் வெறும் பால்மா டின்களை அடுக்கிவைத்து, ஆற அமர ஒவ்வொன்றாகத் தட்டுவார். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், டின் ஒரு துள்ளல், துரையின் முகத்தில் ஒரு சிரிப்பு. சுவரில் யானை சுடுகிற பெரிய துவக்கு ஒன்றும் தொங்கியது. அதைத் துரை எடுத்துச் சுட்டதை அப்பா ஒருநாளும் பார்த்ததில்லை.

எழுபதுகளில் தோட்டங்களை அரசு எடுத்தது. துரை போனார், ரிவோல்வரும் போனது. கதை மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. முப்பது வருடம் தேயிலை ஸ்டோரில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்று, சிட்னியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனபோதுதான் முதல் தடவையாக ஒரு .22 ரிவோல்வரைக் கையில் பிடித்தேன். (.22, .32 என்பவை தோட்டாவின் தடிப்பை அங்குலக் கணக்கில் ஏறக்குறையச் சொல்லும் எண்கள்.) மருமகன் அங்கே ஒரு பிஸ்டல் கிளப்பில் உறுப்பினர். இப்போது போகிற ஒவ்வொரு தடவையும் அவரோடு சுடப் போகிறேன். அவருடைய சேகரிப்புக்குக் கணக்கப்பிள்ளையும் நான்தான்.

அங்கே கற்றதையும், பண்டாரவளையில் உட்கார்ந்து படித்ததையும், ஈரத்தோடும் இரும்போடும் காலம் தள்ளிய அனுபவத்தையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

படி 1: கையை நீட்டுவதற்கு முன் சட்டம்

இலங்கையில் துவக்கு எல்லாம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. 1996இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. ரிவோல்வர், பிஸ்டல் அனுமதி பாதுகாப்பு அமைச்சின் கையில் இருக்கிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தனிப்பட்ட பாதுகாப்புக்கென்று கொடுத்த துவக்குகளைக்கூட 2024 இறுதியில் மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னார்கள். ஆகவே 'பொழுதுபோக்குக்குச் சேர்க்கிறேன்' என்று சொல்லி நம் ஊரில் ஒரு ரிவோல்வர் வாங்கலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

பழைய பங்களாக் கூரையிலோ, தாத்தாவின் தகரப் பெட்டியிலோ துருப்பிடித்த ரிவோல்வர் ஒன்று கிடைத்தால்? தொடாதீர்கள், படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். கிராம சேவகருக்கும் பொலிஸுக்கும் சொல்லுங்கள். பழைய பொருள், ஓடாத பொருள் என்ற சாக்கு உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

மலைநாட்டில் இருந்துகொண்டு இந்த ஆசையை நேர்வழியில் தீர்க்க எனக்குத் தெரிந்த வழிகள் மூன்று. வெளிநாட்டில் உறவு இருந்தால் அங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட கிளப்பில் மேற்பார்வையோடு சுடலாம். உள்ளூரில், தேசியத் துப்பாக்கி சுடும் விளையாட்டுச் சம்மேளனத்தோடு இணைந்த கழகங்கள் வழியாகக் காற்றழுத்த பிஸ்டல் பழகலாம். நம் நாட்டிலிருந்து தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக் வரை போனது 10 மீற்றர் காற்றழுத்த ரைபிளில்தான். மூன்றாவது வழி கடதாசிச் சேகரிப்பு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்பதும் முக்கியம். இங்கிலாந்தில் 1997க்குப் பிறகு கைத்துவக்கு விளையாட்டு ஏறக்குறைய இல்லை. கனடாவில் 2022 ஒக்டோபர் முதல் தனியாரிடையே கைத்துவக்கு வாங்கல் விற்றல் உறைந்து கிடக்கிறது. அமெரிக்காவில் துவக்கு மலிந்து கிடந்தாலும், சுற்றுலா விசாவில் போகிறவர் துவக்கைக் கையில் எடுப்பதே அந்நாட்டு மத்திய சட்டப்படி பொதுவாகத் தடை. வேட்டை அனுமதிப்பத்திரம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. 'வாங்க மாமா, சும்மா ரெண்டு சுட்டுப் பாருங்க' என்று யாராவது அன்போடு கூப்பிட்டால் முதலில் இதைக் கேளுங்கள்.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பி650 என்றொரு படிவம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாதவர் அதை நிரப்பி, அங்கீகரித்த களத்தில், ஒருவர் பக்கத்தில் நிற்கச் சுடலாம். சொந்தமாக வாங்குவதானால் கிளப்பில் சேர்ந்து முதல் ஆறு மாதம் பொறுத்திருக்க வேண்டும். விளையாட்டுக்கு வாங்கும் ரிவோல்வரின் குழல் 100 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது, பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது, பொதுவாக .38 அளவைத் தாண்டக் கூடாது. நான்கு அங்குலக் குழல் 101.6 மில்லிமீற்றர். மயிரிழையில் தேறிவிடும்!

படி 2: எந்தத் தோட்டா

உதைப்பு என்பது சன்னம் (தோட்டாவிலிருந்து பறந்து போகும் ஈய முனை) முன்னால் பாய்வதற்குத் துவக்கு பின்னால் கொடுக்கும் பதில். சன்னத்தின் எடையும் வேகமும் கூடினால் அதுவும் கூடும்; துவக்கின் எடை கூடினால் குறையும். ஒரு கிலோ எடையுள்ள ரிவோல்வரை வைத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். .22 லோங் ரைபிள் தோட்டாவின் சன்னம் 2.6 கிராம், அதன் உதைப்புச் சக்தி அரை ஜூலுக்கும் குறைவு. .32 ஸ்மித் அண்ட் வெசன் லோங்கில் ஒரு ஜூலுக்குச் சற்று மேல். பொலிஸ்காரர் காலங்காலமாகச் சுட்ட .38 ஸ்பெஷலில் மூன்றரை ஜூல் அளவில் வருகிறது. அதாவது .22ஐப் போல எட்டு ஒன்பது மடங்கு. .38ஐயே மென்மை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கை பழகியவர்களுக்கு அப்படித்தான் இருக்கும்.

.22 வகைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1845இல் பிரான்சில் ஃப்ளோபேர் என்பவர் வீட்டு மண்டபத்துக்குள் சுட்டு விளையாடவென்று விளிம்பில் வெடிமருந்து வைத்த குட்டித் தோட்டாவைச் செய்தார். 1857இல் ஸ்மித் அண்ட் வெசனின் முதல் ரிவோல்வர் .22 ஷோர்ட் தோட்டாவோடு வந்தது. ஏழு தோட்டா, உள்ளங்கைக்குள் அடங்கும். இன்று உலகமெல்லாம் சுடும் .22 லோங் ரைபிள் 1887இல் வந்தது. விளையாட ஆரம்பித்த தோட்டா இன்னும் விளையாட்டில்தான் இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கை. .22 மேக்னம் என்பது பெயரில்தான் .22, அதன் கோது (சன்னத்தையும் மருந்தையும் தாங்கும் கூடு) தடிப்பானது, அதற்கென்று வேறு சிலிண்டர் (தோட்டா அறைகள் உள்ள சுழல் உருளை) வேண்டும். அப்புறம், லோங் ரைபிள் ரிவோல்வரில் .22 ஷோர்ட் சுடலாம் என்றாலும், அறைக்குள் கரி வளையம் படிந்து பிறகு நீளத் தோட்டா உள்ளே போக அடம்பிடிக்கும்.

.32 குடும்பம் ஒரு படிக்கட்டு மாதிரி. 1878இல் .32 ஸ்மித் அண்ட் வெசன், 1896இல் அதன் நீள வடிவம், 1984இல் .32 எச் அண்ட் ஆர் மேக்னம். நீளத் தோட்டாவுக்கான சிலிண்டரில் குட்டையானது போகும். மறுபக்கமாக முயலக் கூடாது. கோல்ட் நிறுவனம் தன் துவக்கில் போட்டியாளர் பெயரைப் பொறிக்க மனமில்லாமல், அதே நீளத் தோட்டாவை '.32 கோல்ட் நியூ பொலிஸ்' என்று அழைத்தது. பழைய கோல்ட்டைப் பார்த்து 'இதுக்குத் தோட்டா கிடைக்காது' என்று விற்பவர் பயந்தால், தெரிந்தவருக்கு அங்கேதான் நல்ல விலை. பக்கத்து நாட்டில் கான்பூர் தொழிற்சாலை பெண்களுக்கென்று 2014இல் வெளியிட்ட அரைக் கிலோ எடையுள்ள 'நிர்பீக்' ரிவோல்வரும் இந்த .32 நீளத்தைத்தான் சுடுகிறது.

புதிதாகப் பழகுகிறவருக்கு என் தீர்ப்பு .22தான், சந்தேகமே இல்லை. கை ஓரளவு நின்ற பிறகு .32. இந்த விளையாட்டில் .32ஐ விடச் சுகமான தோட்டா இல்லை என்பது என் பிடிவாதம். மருமகன் ஒத்துக்கொள்ள மாட்டார்.

படி 3: எந்தத் துவக்கு

நடுத்தர உடல், நான்கு அல்லது ஆறு அங்குலக் குழல், திருகித் திருத்தக்கூடிய பின்குறி (குறி பார்க்க உதவும் பின்பக்கத் துண்டு). இந்த மூன்றும் இருந்தால் போதும். ஸ்மித் அண்ட் வெசனின் கே-22 வரிசை 1931இல் ஆரம்பித்தது. 1957இல் நிறுவனம் எண் கொடுக்கத் தொடங்கியபோது அது 'மொடல் 17' ஆனது. ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடை. அந்த எடைதான் கையை நிலைக்க வைக்கிறது. துரு ஏறாத உருக்கில் வேண்டுமானால் மொடல் 617. அதில் பத்துத் தோட்டா வகையும் உண்டு.

ஒவ்வொரு தடவையும் குதிரையை (தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் சுத்தியலை) பெருவிரலால் பின்னால் இழுத்துச் சுடும் வகைக்கு ரூகரின் சிங்கிள்-சிக்ஸ், 1953இல் வந்தது. 1973க்கு முந்தியவற்றில் ஒரு கவனம். குதிரை நேராகத் தோட்டாவின் மேல் படுத்திருக்கும் அமைப்பு அது. கீழே விழுந்தால் வெடிக்கலாம். ஐந்து தோட்டா மட்டும் போட்டு, குதிரைக்குக் கீழுள்ள அறையை வெறுமையாக வைக்க வேண்டும். பழையவற்றுக்கு நிறுவனமே இலவசமாகப் பாதுகாப்புப் பாகம் பொருத்திக் கொடுக்கிறது. பழைய பாகத்தையும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சேகரிப்பவருக்கு அது காசு.

சட்டைப் பையில் போடும் குட்டை ரிவோல்வரைப் பார்த்து மயங்க வேண்டாம். எடை குறைவு, குறிகள் இரண்டுக்கும் இடைவெளி குறைவு, சின்னக் கைநடுக்கமும் குறியில் பெரிதாகத் தெரியும். பழக்கத்துக்கு அது எதிரி.

படி 4: பழைய ரிவோல்வரைப் பரிசோதிக்கும் முறை

என் மருமகன் ஒரு தடவை கண்ணாடி மாதிரி மின்னிய ஒரு பழைய .32ஐ ஒரு வியாபாரியிடம் வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்து விளக்கின் கீழ் பார்த்தால், குழலில் பொறித்த எழுத்துகள் பாதி அழிந்திருந்தன. ஆணித் துவாரங்களின் ஓரம் குழிந்து சிப்பி மாதிரி இருந்தது. யாரோ துருவைத் தேய்த்தெடுத்து மறுபடி நீலச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். ஆகவே மினுக்கத்தைப் பார்க்காதீர்கள். எழுத்தின் கூர்மையையும் விளிம்புகளையும் பாருங்கள். நேர்மையாகத் தேய்ந்த சாயம், புதிதாகப் பூசிய சாயத்தை விட மதிப்பு.

பரிசோதனையை இந்த ஒழுங்கில் செய்யுங்கள். முதலில் சிலிண்டரைத் திறந்து ஒவ்வோர் அறையும் வெறுமையா என்று கண்ணாலும் பார்க்க வேண்டும், விரலாலும் தடவ வேண்டும். பக்கத்தில் நிற்பவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலுள்ள சந்து. ஸ்டோரில் ஃபிட்டர்மார் கையில் இருக்குமே, தகடு தகடாக விரியும் ஃபீலர் கேஜ், அதேதான் இங்கும். 0.15 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் நல்லது. 0.25ஐத் தாண்டினால் வாங்காதீர்கள். பிறகு சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் தெரியக்கூடாது.

குதிரையை மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள். அது கொக்கியில் விழுவதற்கு முன்போ, விழும்போதோ சிலிண்டர் 'டிக்' என்று பூட்ட வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஐந்து அறை சரியாக இருந்து ஆறாவது சோம்பலாக இருக்கும் துவக்குகள் நிறைய உண்டு. பூட்டாத நிலையில் சுட்டால் சன்னம் குழலின் ஓரத்தைச் சீவிக்கொண்டு போகும். பக்கத்தில் நிற்பவர் கன்னத்தில் ஈயத்தூள் படும். ஒரு சின்னக் குறிப்பு: பின்னாலிருந்து பார்த்தால் கோல்ட்டின் சிலிண்டர் வலமாகச் சுற்றும், ஸ்மித் அண்ட் வெசனுடையது இடமாகச் சுற்றும். எதற்காகத் தெரிந்திருக்க வேண்டும் என்றால், யார் செய்த துவக்கு என்று கேட்காமலேயே மேசையில் பேர் வாங்கலாம்.

குதிரை பின்னால் நிற்கும்போது பெருவிரலால் மெல்ல முன்னால் தள்ளிப் பாருங்கள். விசையை (சுடுவதற்கு விரலால் இழுக்கும் பாகத்தை) தொடாமலே விழுந்தால் அது ஆபத்தான துவக்கு. கடைசியாகக் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். லேசான மங்கல் பரவாயில்லை. நடுவே ஒரு கறுப்பு வளையம் தெரிந்தால் என்றோ ஒரு சன்னம் சிக்கிக் குழல் வீங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

முதுகு முறிந்து திறக்கும் பழைய மலிவு .32கள் நிறைய உண்டு. ஐவர் ஜோன்சன் நிறுவனத்தின் 1909க்கு முந்திய வகைகள் கரிமருந்துக் காலத்தவை. இன்றைய தோட்டா அவற்றுக்கு இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்கலாம்.

படி 5: சுடுதல்

எந்தத் துவக்கிலும் தோட்டா நிறைந்திருக்கிறது என்றே எண்ணிக்கொள். சுட நினைக்காத எதையும் நோக்கிக் குழலைத் திருப்பாதே. குறி பார்க்கும் வரை விரல் விசைக்கு வெளியே. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். இந்த நாலையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தால்தான் எங்கள் கிளப்பில் கதவே திறக்கும். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி. .22 சின்னச் சத்தம்தானே என்று நினைக்காதீர்கள். ரிவோல்வரில் அது 140 டெசிபலைத் தாண்டும், காது நரம்பு திரும்பி வராது.

பிடி: வலது கையை எவ்வளவு மேலே ஏற்ற முடியுமோ அவ்வளவு மேலே, குதிரைக்குக் கீழே வரை. இடது கை அதை முன்னாலிருந்து அணைத்துக்கொள்ளட்டும். இடது கைவிரல் எதுவும் சிலிண்டரின் முன்பக்கச் சந்துக்கு அருகே போகக் கூடாது. அங்கே சூடான வாயு கத்தி மாதிரி வெளியே வரும்.

குறி: முன்குறியும் பின்குறியும் ஒரே மட்டத்தில், இருபக்கமும் ஒரே அளவு வெளிச்சம். கண்ணின் கூர்மை முன்குறியில் மட்டும். இலக்கு மங்கலாகத் தெரிய வேண்டும். 'இலக்கு தெளிவாகத் தெரியவில்லையே தம்பி' என்று நான் முதல் நாள் புலம்பினேன். 'அது மங்கலாத்தான் தெரியணும் மாமா' என்றார் மருமகன். என் வயதில் வாசிக்கிற கண்ணாடியின் பவரில் பாதி போட்ட தனிக் கண்ணாடி ஒன்று செய்துகொண்டேன், முன்குறி பளிச்சென்று வந்துவிட்டது.

விசை: இங்கேதான் எல்லாம் இருக்கிறது. என் அம்மா கொழுந்து கிள்ளியவர். அந்த விரல் வெடுக்கென்று வேலை செய்யும், கண் அடுத்த செடிக்குப் போயிருக்கும். விசைக்கு அது நேர் எதிர். முன்குறி அசையாமல், விரல் நுனி மட்டும் நேராகப் பின்னால், ஒரே சீராக அழுத்தம் ஏற வேண்டும். எப்போது வெடிக்கும் என்று உங்களுக்கே தெரியக் கூடாது. குதிரையை முன்கூட்டி இழுத்து வைத்துச் சுட்டால் விசைக்கு ஒன்றரைக் கிலோ அளவில் அழுத்தம் போதும். விசையே குதிரையையும் தூக்கும்படி சுட்டால் நாலரை, ஐந்து கிலோ வேண்டும். முதல் மாதம் முந்தியது, அடுத்த மாதம் பிந்தியது. விசையாலேயே தூக்கிச் சுடப் பழகினால்தான் ரிவோல்வரின் முழு இன்பம் தெரியும். அதன் ஓசையில், உருளலில் ஒரு தாளம் இருக்கிறது. அரைவாசி சுற்றும்போதே கைக்குப் புரிந்துவிடும்.

கை ஆடும். ஆடட்டும். அசையாத ஒரு கணத்துக்காகக் காத்திருந்து விசையை இழுத்தால் நிச்சயம் கெடும். அந்தச் சின்ன ஆட்டத்துக்குள்ளேயே அழுத்தத்தை ஏற்றிக்கொண்டு போங்கள். எட்டு வினாடிக்குள் வெடிக்காவிட்டால் கையை இறக்கி மூச்சு விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். இறக்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

உதைப்பு இவ்வளவு குறைவாக இருந்தும் கை முன்கூட்டியே பதறுவது உண்டு. அதைப் பிடிக்க ரிவோல்வரில் ஒரு அருமையான வழி இருக்கிறது. பக்கத்தில் நிற்பவர் சில அறைகளில் தோட்டாவும் சில அறைகளில் சுட்ட வெற்றுக் கோதும் போட்டு, சிலிண்டரைச் சுற்றி அடைத்துத் தரட்டும். வெற்றுக் கோதின் மேல் குதிரை விழும்போது குழல் கீழே குத்தினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார். நான் முதல் நாள் ஆறில் நாலு தடவை அகப்பட்டேன். பெரிய துவக்கில் இந்தப் பதற்றத்தை உதைப்பே மறைத்துவிடும், ஆள் துவக்கைக் குறை சொல்லிக்கொண்டு திரிவார். சின்னத் துவக்கில் குறை சொல்ல ஆளே இல்லை, எல்லாம் நம் விரல்தான்.

வலக்கைக்காரருக்குத் துளைகள் இடது கீழ்ப்பக்கம் கூட்டமாக விழுந்தால் விசையை வெடுக்கென்று இழுக்கிறார் என்று பொருள். பின்குறியைத் திருகாதீர்கள், விரலைத் திருத்துங்கள். தூரம் 7 மீற்றரில் தொடங்கி 10, 15, 25 என்று போகலாம். 25 மீற்றர் துல்லிய இலக்கின் நடுவட்டம் 50 மில்லிமீற்றர் குறுக்களவு. ஒரு நாளைக்கு ஐம்பது தோட்டாப் பெட்டி ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் சுடுவது தவறைப் பழக்கமாக்கும் வேலை.

குதிரை விழுந்தும் வெடிக்காவிட்டால் குழலை இலக்கை நோக்கியே முப்பது வினாடி வைத்திருங்கள். சத்தம் வழக்கத்தை விடச் சோர்வாகக் கேட்டால் நிறுத்திவிட்டு, இறக்கி, குழலுக்குள் சன்னம் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். கோதுகளை வெளியேற்றும்போது குழலை வானத்தை நோக்கி நிமிர்த்தி ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். இல்லாவிட்டால் எரியாத மருந்துத் துகள் கோதுகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் விழுந்து சிலிண்டர் இறுகும். அப்புறம், சினிமாவில் மணிக்கட்டை உதறிச் சிலிண்டரை அடைப்பார்களே, அதைச் செய்தால் சிலிண்டரைத் தாங்கும் இரும்புக் கை வளைந்துவிடும். எங்கள் கிளப்பில் அப்படிச் செய்தவர் அன்றைக்கு மறுபடி சுடவில்லை.

வீட்டுப் பழக்கம்: .22 ரிவோல்வரை வெறுமையாகத் தட்டினால் ஊசி அறையின் விளிம்பில் அடித்துப் பள்ளம் விழலாம். சுவரில் ஸ்குரூ முடுக்க வைக்கிற மஞ்சள் பிளாஸ்டிக் பிளக் பெரும்பாலான .22 அறைகளில் அச்சொட்டாகப் பொருந்தும். ஆறு பிளக் போட்டு, முன்குறியின் மேல் ஒரு சின்ன நாணயம் வைத்து, அது விழாமல் விசையை இழுத்துப் பாருங்கள். நீங்கள் பழகும் வீட்டு அறைக்குள்ளேயே தோட்டா எதுவும் இருக்கக் கூடாது. நான் பண்டாரவளையில் வெறும் கையால், ஒரு பாதித் தண்ணீர்ப் போத்தலை நீட்டிப் பிடித்து நின்று இதைச் செய்கிறேன். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

சுட்டு முடித்ததும் ஈயம் கையில் இருக்கும். குளிர்ந்த தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் கழுவிவிட்டுத்தான் பிளேன்டீ.

படி 6: துடைத்தலும் ஈரமும்

குழலுக்கு வெண்கலத் தூரிகை, கரைப்பான், பருத்தித் துணி. அறைகளை நூறு தோட்டாவுக்கு ஒரு தடவை தேய்த்தால் போதும். எண்ணெய் இரண்டு துளி. தேங்காய் எண்ணெய் வேண்டாம். நுவரெலியாவில் காலையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால்தான் போத்தலிலிருந்து அது இறங்கும். துவக்குக்குள் உறைந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தையல் மெஷின் எண்ணெய் நன்றாகவே வேலை செய்யும்.

ஈரத்தைப் பற்றி டீமேக்கருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. உலர்த்தியை விட்டு இறங்கும் தேயிலையில் 3 வீத ஈரம்தான். அதைத் திறந்து வைத்தால் மலைப்பனி ஒரே இரவில் பதத்தைக் கெடுத்துவிடும். இரும்பும் அப்படித்தான். காற்றின் ஈரப்பதன் 60 வீதத்தைத் தாண்டினால் துரு வேகம் பிடிக்கும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் மழைக்காலத்தில் அதைத் தாண்டாத நாளைத் தேட வேண்டும். வாட்டும் மாடியில் தொங்குகிற ஈர-உலர் வெப்பமானி மாதிரி ஒன்றை அலுமாரிக்குள் வைத்து, 50 வீதத்துக்குக் கீழே நிறுத்தப் பாருங்கள். சிலிக்கா ஜெல் பைகள் போதும். அவற்றை மாதம் ஒரு தடவை 110, 120 பாகையில் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும். அரிசி வைக்கிற யோசனை வேண்டாம். தூசும் அந்தும் தான் மிச்சம்.

தோல் உறைக்குள் வைத்துப் பாதுகாக்கிறேன் என்பதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. பதனிட்ட தோலில் உப்பும் அமிலமும் இருக்கின்றன. அது ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துவைக்கும். உருக்கில் துருவும் பித்தளையில் பச்சைக் களிம்பும் ஏறும். உறையைத் தனியாக, துவக்கைத் தனியாக வையுங்கள். குளிரில் இருந்த துவக்கைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள். உடனே திறந்தால் அதன் மேல் வியர்வை மாதிரி நீர் பூத்துவிடும். இந்தப் பழக்கத்தைச் சிட்னிக் குளிர்காலத்துக்கு ஏற்றுமதி செய்தவன் நான்.

படி 7: சேர்த்தல்

அகலமாகச் சேர்க்காதீர்கள். ஒரு கோட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனத்தின் .32கள், அல்லது ஒரே காலத்து .22கள். அவுஸ்திரேலியாவில் சேகரிப்புக்கான அனுமதி வேறு, சுடுவதற்கான அனுமதி வேறு. சேகரிப்பில் உள்ளதைச் செயலிழக்கச் செய்து வைக்கும் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மருமகன் சுடுவதற்கு இரண்டு மட்டுமே வைத்திருக்கிறார். அது நல்ல கணக்கு என்றே நினைக்கிறேன்.

எங்கள் கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு துவக்குக்கும் இரண்டு பக்கம். தொடர் எண், அது எங்கெங்கே பொறித்திருக்கிறது, எல்லாம் ஒத்துப்போகிறதா, சந்தின் அளவு, வாங்கிய நாள், விலை, சுட்ட தோட்டாக்களின் எண்ணிக்கை, எந்தத் தோட்டா அதற்குப் பிடித்தது. .22 ரிவோல்வர்கள் தோட்டாவில் ருசி பார்ப்பவை. ஒரே துவக்கு ஒரு பெட்டியில் கையகலக் கூட்டம் போடும். இன்னொன்றில் நாணய அளவு. ஏழெட்டு வகை வாங்கிப் பார்க்காமல் துவக்கைக் குறை சொல்லக் கூடாது. பழைய பெட்டி, அறிவுறுத்தல் தாள், விற்பனைச் சீட்டு எதையும் எறியாதீர்கள். சில வேளை பெட்டி துவக்கின் விலையில் ஒரு பங்குக்கு நிற்கும்.

பண்டாரவளையில் என் பங்குச் சேகரிப்பு முழுக்கக் கடதாசி. பழைய விலைப்பட்டியல்கள், விளம்பரத் துண்டுகள், பாகங்களைப் பிரித்துக் காட்டும் படங்கள், நாங்கள் சுட்ட இலக்குத் தாள்கள். தியத்தலாவைப் பக்கமிருந்து படைக்களத்துச் சத்தம் காற்றோடு வரும் நாளில் அவற்றை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவேன். நுவரெலியா கொல்ஃப் மைதானத்தில் ஆயிரத்துக்கு மேல் யானை கொன்றதாகச் சொல்லப்படும் மேஜர் ரோஜர்ஸின் கல்லறை இருக்கிறது. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தவர். பெரிய துவக்கின் வரலாறு நம் மலையில் அப்படிக் கிடக்கிறது. பால்மா டின் சுட்ட துரைகளைப் பற்றி ஒரு வரியும் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே பழைய பங்களாக்களில் வேலை பார்த்த பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைப்பதும் இந்தச் சேகரிப்பில்தான் சேரும். நான் இதுவரை நாலு பேரிடம் கேட்டிருக்கிறேன்.

கடைசியாக, விமானம் ஏறுமுன் செய்ய வேண்டியது. சுட்ட கோது ஒன்றைக்கூட ஞாபகத்துக்கென்று எடுத்து வராதீர்கள். சட்டைப் பை, கால்சட்டை மடிப்பு, சப்பாத்து, கமராப் பை எல்லாவற்றையும் உதறிப் பாருங்கள். .22 கோது 15 மில்லிமீற்றர் சொச்சம்தான், எங்கேயும் ஒளிந்துகொள்ளும். போன வருடம் கட்டுநாயக்காவுக்குப் புறப்படுகிற காலையில், என் கால்சட்டை மடிப்பிலிருந்து மகளின் சமையலறைத் தரையில் ஒன்று 'டிங்' என்று விழுந்தது. மகள் ஒன்றும் பேசவில்லை, சூட்கேஸை மறுபடி திறந்து எல்லா உடுப்பையும் வெளியே எடுத்துப் போட்டாள்.